லெகோ கட்டைகளின் கணினி மாதிரிகள்: துல்லியம் எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும்?

லெகோ கட்டைகளைக் கையில் தொடாமலே கணினித் திரையில் வீடும் பாலமும் பாரந்தூக்கியும் கட்டிப் பார்க்க உதவும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது பாக நூலகம். பிளாஸ்டிக் பாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. பாகத்தின் மூலைகள், விளிம்புகள், பரப்புகள் எல்லாம் அந்தக் கோப்பில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். அந்த எண்கள் நிஜப் பாகத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் எண்ணிம மாதிரியின் துல்லியம் என்கிறோம்.

இந்தத் துல்லியத்தை ஒரே அளவுகோலால் அளந்துவிட முடியாது. பாகம் நிற்கும் இடம் சரியா, அதன் வடிவம் சரியா, மற்றப் பாகத்தோடு பொருந்தும் விதம் சரியா, நிறம் சரியா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சரியாக வைத்திருப்பதற்காக இன்னொன்றில் தெரிந்தே விலக வேண்டிய இடங்களும் உண்டு.

நிஜக் கட்டையின் அளவுகள்

லெகோ நிறுவனம் 1932 இல் டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் ஓல கேர்க் கிறிஸ்தியான்சன் என்ற தச்சரால் தொடங்கப்பட்டது. முதலில் மர விளையாட்டுப் பொருள்களையே செய்தார்கள். ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளை 1949 இல் விற்கத் தொடங்கினார்கள். இன்றைய கட்டையின் வடிவம் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. மேலே குமிழ்கள், உள்ளே குழாய்கள் என்ற அந்த அமைப்பே கட்டைகளை இறுகப் பிடித்து நிற்க வைக்கிறது. அப்போது வார்த்த கட்டை இன்று வார்த்த கட்டையோடும் பொருந்தும்.

இந்தப் பொருத்தம் சில எண்களில் அடங்கியிருக்கிறது. ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையத்துக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம், குமிழைச் சேர்க்காமல், 9.6 மி.மீ. தட்டையான தகட்டின் உயரம் 3.2 மி.மீ.; ஆகவே மூன்று தகடுகளை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரம் வரும். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது இரண்டு குமிழ்களின் அகலம். பாகங்களைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தும் உத்திகள் பெரும்பாலும் இந்தக் கடைசிச் சமன்பாட்டை நம்பியே இருக்கின்றன. குமிழின் விட்டம் பெயரளவில் 4.8 மி.மீ.

கட்டைகளை வார்க்கும் அச்சுகளில் அனுமதிக்கப்படும் வழு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்கிறது. இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. குமிழ் சற்றே பெருத்தால் குழந்தையால் கட்டையைக் கழற்ற முடியாது. சற்றே சிறுத்தால் கட்டிய கோபுரம் குலைந்துவிடும். தொடக்கத்தில் பயன்பட்ட செலுலோஸ் அசிற்றேற்று நாளடைவில் வளைந்து உருமாறியது. அதனால் 1963 முதல் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அது அளவு மாறாமல் நிற்கும். அழுத்தினால் சிறிது விரிந்து கொடுத்துப் பிறகு பழைய நிலைக்கு மீளும்.

எல்டிரோ நூலகம்

கணினி மாதிரிகளின் வரலாற்றில் முதன்மையான பெயர் ஜேம்ஸ் ஜெசிமன். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த இவர் 1995 இல் எல்டிரோ என்ற மென்பொருளை எழுதினார். அதனோடு பாகங்களின் சிறு தொகுதி ஒன்றையும் உருவாக்கினார். 1997 இல் அவர் இளவயதிலேயே காலமானார். அவர் வகுத்த கோப்பு முறை அவரோடு முடிந்துவிடவில்லை. பல நாட்டு ஆர்வலர்கள் அதை ஏற்று வளர்த்தார்கள். அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு நினைவு விருதும் வழங்கப்படுகிறது. இன்று அந்த நூலகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் இருக்கின்றன. எல்லாம் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக அளந்து எழுதியவை. லெகோ நிறுவனம் தந்த வரைபடங்களைப் பார்த்து எழுதியவை அல்ல.

எல்டிரோ கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு; சாதாரண எழுத்து மென்பொருளிலேயே திறந்து வாசிக்கலாம். ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணோடு தொடங்கும். 0 என்றால் குறிப்பு, 1 என்றால் வேறொரு கோப்பை இங்கே கொண்டுவந்து வை என்ற கட்டளை, 2 என்றால் கோடு, 3 முக்கோணி, 4 நாற்பக்கல். 5 என்று தொடங்குவது நிபந்தனைக் கோடு: வளைந்த பரப்பின் ஓரம் பார்ப்பவருக்கு எந்த இடத்தில் தெரிய வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் அது வரையப்படும். கட்டளை வரியில் நிறத்துக்கு ஓர் எண், இடத்துக்கு மூன்று ஆள்கூறுகள், திருப்பத்தையும் பருமனையும் சொல்ல ஒன்பது எண்கள் கொண்ட தாயம், கடைசியில் கோப்பின் பெயர் என்ற ஒழுங்கு இருக்கும். இரண்டுக்கு நான்கு கட்டையின் கோப்பு 3001 என்ற எண்ணால் அறியப்படுகிறது. அந்த எட்டுக் குமிழ்களையும் எட்டு முறை எழுதுவதில்லை. குமிழ் என்ற ஒரே கோப்பை எட்டு இடங்களில் வைக்கச் சொன்னால் போதும். குமிழின் கோப்பில் ஒரு பிழையைத் திருத்தினால் குமிழுள்ள பாகங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் திருந்திவிடும்.

0.4 மில்லிமீற்றர் அலகு

ஜெசிமன் தம் நூலகத்துக்கென ஒரு நீள அலகைத் தேர்ந்தெடுத்தார். ஓர் எல்டிரோ அலகு ஏறத்தாழ 0.4 மி.மீ. இந்த அலகில் லெகோவின் அளவுகள் முழு எண்களாகிவிடுகின்றன. குமிழ் இடைத்தூரம் 20, கட்டையின் உயரம் 24, தகட்டின் உயரம் 8, குமிழின் விட்டம் 12, குமிழின் உயரம் 4. கையால் கோப்பு எழுதுபவருக்கு இது பெரிய வசதி. பாகம் எங்கே வர வேண்டும் என்பதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். தசமங்களைக் கூட்டுவதால் சேரும் வழுவும் இல்லை.

முழு எண்ணுக்கு வட்டமாக்கும்போது சிறு விலகல்கள் வரத்தான் செய்யும். குமிழின் உயரம் நூலகத்தில் 1.6 மி.மீ. ஆக இருக்கிறது, நிஜக் குமிழ் அதைவிடச் சற்று உயரமானது. அடுக்கும்போது குமிழ் மேல்கட்டையின் உள்ளே மறைந்துவிடும். அதனால் இந்த வேறுபாடு அடுக்கின் மொத்த உயரத்தைப் பாதிப்பதில்லை. நூறு கட்டைகளை அடுக்கினால் கணினியிலும் 960 மி.மீ., மேசையிலும் 960 மி.மீ. இடத்துல்லியத்தைக் கெடுக்கும் எண்களை மிகக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, கெடுக்காத எண்களில் சிறிது விட்டுக்கொடுப்பதே இந்த அலகின் தத்துவம்.

பக்கத்து இடைவெளி

நிஜக் கட்டை ஒன்றை அளந்தால் கணக்கு உதைக்கும். இரண்டுக்கு நான்கு கட்டையின் நீளம் 32 மி.மீ. ஆக இருக்க வேண்டும், அளவுக்கருவி 31.8 என்று காட்டும். அகலமும் 16 க்குப் பதிலாக 15.8. ஒவ்வொரு பக்கத்திலும் 0.1 மி.மீ. குறைத்தே கட்டைகளை வார்க்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் கட்டைகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளாமலும் எளிதாகக் கழற்றக்கூடியதாகவும் இருக்க இந்த இடைவெளி வேண்டும். எல்டிரோ நூலகத்திலோ கட்டை முழு 32 மி.மீ. ஆகவே இருக்கிறது.

இதைப் பிழை என்று சொல்வது அவசரம். மேசன் சுவருக்குக் கல் கணக்குப் பார்க்கும்போது கல்லின் நீளத்தோடு சாந்தின் தடிப்பையும் சேர்த்துத்தான் ஒரு கல் என்று எண்ணுவார். எல்டிரோவின் 8 மி.மீ. உம் அப்படிப்பட்ட எண்தான். கட்டையின் இடத்தைத் தீர்மானிப்பது அதன் பக்கச் சுவர் அல்ல, கீழேயுள்ள குமிழ். ஒரு குமிழ்க் கட்டைகள் பத்தைத் தளத்தகட்டில் வரிசையாகப் பொருத்தினால் வரிசையின் நீளம் 79.8 மி.மீ. கணினியில் கட்டையை 7.8 மி.மீ. ஆக வரைந்து, ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் 78 மி.மீ. தான் வரும், கடைசிக் கட்டை தன் குமிழை விட்டு விலகிவிடும். கட்டையை 8 மி.மீ. ஆக வரைந்தால் ஒவ்வொன்றும் தன் குமிழின் மேலேயே இருக்கும், மொத்த விலகல் 0.2 மி.மீ. ஐத் தாண்டாது.

அந்த 0.2 மி.மீ. விலகல் கட்டை நீண்டாலும் கூடுவதில்லை. ஒரு குமிழ்க் கட்டையில் அது ஏறத்தாழ 2.5 வீதம். பதினாறு குமிழ் நீளமான பாகத்தில் 0.2 வீதத்துக்கும் குறைவு. ஆனால் படத்தில் ஒரு குறை தெரியும்: ஒரே நிறச் சுவர் கட்டைகளின் மூட்டே தெரியாமல் ஒற்றைப் பலகை போலத் தோன்றும். இதற்காகப் பாகக் கோப்பை மாற்றுவதில்லை. படத்தைத் தீட்டும் மென்பொருள்களே ஒவ்வொரு பாகத்தையும் சற்றுச் சுருக்கி மெல்லிய மூட்டைக் காட்டுகின்றன. எல்டிவியூ போன்றவற்றில் அந்த மூட்டின் அகலத்தைப் பயனரே கூட்டிக் குறைக்கலாம்.

வட்டத்தைப் பல்கோணியாக்குதல்

எல்டிரோ கோப்பில் கோடும் முக்கோணியும் நாற்பக்கலும்தான் இருக்கின்றன. உண்மையான வட்டத்துக்கு அங்கே இடமில்லை. எல்லா வட்டமும் பல்கோணியாகவே எழுதப்படுகிறது. வழக்கமான வட்டத்துக்குப் பதினாறு பக்கங்கள். பெரிய வளைவுகளுக்கு நாற்பத்தெட்டுப் பக்கங்கள் கொண்ட தனி வகை உண்டு.

இதனால் வரும் வழுவைச் சாதாரண திரிகோண கணிதத்தால் கணக்கிடலாம். பல்கோணியின் மூலைகள் வட்டத்தின் மேல் இருக்கும். பக்கத்தின் நடுப்புள்ளி வட்டத்துக்குச் சற்று உள்ளே விழும். பதினாறு பக்கங்களில் அந்தத் தாழ்வு ஆரையின் 1.92 வீதம், நாற்பத்தெட்டுப் பக்கங்களில் 0.21 வீதம். குமிழின் ஆரை 2.4 மி.மீ. ஆதலால் அங்கே வழு 0.05 மி.மீ. ஐ எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. ஆரை 20 மி.மீ. உள்ள சில்லில் அதே பதினாறு பக்கங்கள் 0.38 மி.மீ. வழுவைத் தரும், சில்லு உருண்டையாக இல்லாமல் கோணலாகத் தெரியும். நாற்பத்தெட்டுப் பக்கங்களுக்கு மாற்றினால் அது 0.04 மி.மீ. ஆகக் குறைந்துவிடும்.

எல்லாவற்றையும் நாற்பத்தெட்டாக்கினால் என்ன என்ற கேள்வி எழும். பெரிய மாதிரியொன்றில் ஆயிரக்கணக்கான குமிழ்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உள்ள பரப்புகளின் எண்ணிக்கை மூன்று மடங்கானால் சிறிய கணினிகள் திணறும். குமிழின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் நிறுவனப் பெயரை வழக்கமான குமிழ்க் கோப்பில் வரையாததற்கும் இது ஒரு காரணம். பெயரும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அதற்கான குமிழ்க் கோப்பு தனியாக இருக்கிறது.

படத்தில் தெரியாத பிடி

கட்டைக்குள் இருக்கும் குழாயின் கணக்கு, படத்தின் துல்லியமும் பொருளின் துல்லியமும் பிரியும் இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. குழாய் நான்கு குமிழ்களின் நடுவே இறங்கி நான்கையும் தொட வேண்டும். 8 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் 11.31 மி.மீ. அதிலிருந்து குமிழின் விட்டம் 4.8 ஐக் கழித்தால் 6.51 மி.மீ. மிஞ்சும். குழாயின் வெளிவிட்டம் இதுவாக இருந்தால்தான் குமிழ்கள் பிடிபடும். எல்டிரோ கோப்பில் குழாயின் வெளிவிட்டம் 16 அலகு, அதாவது 6.4 மி.மீ. வித்தியாசம் 0.11 மி.மீ. மட்டுமே.

திரையில் இந்த வித்தியாசத்தை எவரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பிளாஸ்டிக்கில் 6.4 மி.மீ. குழாயோடு ஒரு கட்டையை வார்த்தால் அந்தக் குழாய் குமிழ்களைப் பிடிக்காது. கணினி மாதிரிக்கு இறுக்கம் என்ற குணமே கிடையாது. இரு பாகங்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்பதை மட்டுமே அது சொல்லும். அவை அங்கே தங்குமா, பாரம் தாங்குமா என்பது அதற்குத் தெரியாது.

எதிர்த் திசையிலும் இப்படி நடக்கும். இரு குமிழ்களுக்கு இடையிலுள்ள வெளி பெயரளவில் 8 இலிருந்து 4.8 ஐக் கழித்து வரும் 3.2 மி.மீ. தகட்டின் தடிப்பும் 3.2 மி.மீ. ஆகவே தகட்டை நிமிர்த்திக் குமிழ்களுக்கு நடுவே செருகலாம் என்று கணினி காட்டும். நிஜத்தில் குமிழ் 4.8 ஐ விட மிகச் சிறிது பருமனாக இருப்பதால் வெளி 3.2 ஐ விடக் குறைவு. தகடு நெருக்குண்டு பாகங்கள் தகைப்புக்கு உள்ளாகும். லெகோவின் வடிவமைப்பாளர் ஜேமி பெராட் 2006 இல் ஆர்வலர்களுக்காகத் தயாரித்த விளக்கவுரையில் இத்தகைய தடைசெய்யப்பட்ட பொருத்தங்களைப் படங்களோடு எடுத்துக்காட்டினார். திரையில் சரியாக இருப்பதெல்லாம் கையில் சரிவராது என்பதற்கு அந்த விளக்கவுரை நல்ல சான்று.

அளவெடுப்பும் பரிசோதனையும்

புதிய பாகம் ஒன்றை நூலகத்தில் சேர்க்க விரும்புபவர் அந்தப் பாகத்தைக் கையில் வைத்து அளக்க வேண்டும். இலங்கையின் துணுக்காயிலோ மல்லாவியிலோ உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர் முதல் அலகிலேயே கையாளும் வேணியர் இடுக்கியும் நுண்மானித் திருகுக்கணிச்சியும்தான் இங்கேயும் கருவிகள். 0.1 மி.மீ. இழிவெண்ணிக்கை கொண்ட வேணியரால் பாகத்தின் மொத்த நீளத்தையும் குமிழின் விட்டத்தையும் அளந்து, பெயரளவு எண்ணை உறுதிசெய்யலாம். சுவரின் தடிப்பு, விளிம்பின் சாய்வு போன்றவற்றுக்கு 0.01 மி.மீ. வரை காட்டும் கருவி நல்லது.

அளந்த எண்ணை அப்படியே எழுதிவிடுவதும் சரியன்று. ஒரு துவாரத்தின் மையம் மேல்விளிம்பிலிருந்து 4.05 மி.மீ. என்று அளவு வந்தால், அது 4 மி.மீ., அதாவது 10 அலகு, என்று ஊகித்து மற்றப் பாகங்களோடு பொருத்திச் சரிபார்க்க வேண்டும். அளவுக்கருவியின் வழுவையும் பாகத்தின் தேய்மானத்தையும் மாதிரிக்குள் கொண்டுபோய் வைத்தால் அடுத்த பாகம் பொருந்தாது. வடிவமைத்தவர் எந்த எண்ணை எண்ணினாரோ அதைக் கண்டுபிடிப்பதே மாதிரி எழுதுபவரின் திறமை. வளைவுகளுக்குத் தசமம் வேண்டியிருந்தாலும் மூன்று தசம இடங்களே தாராளம். எல்டிரோ அலகின் ஆயிரத்தில் ஒரு பங்கு 0.0004 மி.மீ.; எந்தக் கட்டையும் அவ்வளவு நுட்பமாக வார்க்கப்படுவதில்லை.

எழுதிய கோப்பு உடனே நூலகத்துக்குள் போய்விடாது. பிற பங்களிப்பாளர்கள் அதைத் திறந்து பார்த்து வாக்களிப்பார்கள். போதிய ஒப்புதலோடு பொறுப்பாளர் ஒருவரின் இறுதி ஒப்புதலும் கிடைத்த பிறகே அது அதிகாரபூர்வப் பாகமாகும். நாற்பக்கலின் நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா, ஒரே பரப்பு இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறதா, பரப்புகளுக்கிடையே இடைவெளி விடப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் சோதிப்பார்கள். ஒவ்வொரு பரப்பின் மூலைகளும் எந்தச் சுற்றொழுங்கில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதும் முக்கியம். அந்த ஒழுங்கை வைத்தே பரப்பின் வெளிப்பக்கம் எது, உட்பக்கம் எது என்று கணினி முடிவுசெய்கிறது. ஒழுங்கு மாறினால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை தெரியும். கோப்பை எழுதியவரின் பெயரும் பின்னர் செய்த திருத்தங்களும் கோப்பின் தலைப்பிலேயே பதிவாகும்.

ஒரே பெயர், வேறு வார்ப்பு

பல பத்தாண்டுகளாக வார்க்கப்படும் பாகம் இடையில் மாறாமல் இருப்பதில்லை. ஒரு குமிழ் உருண்டைக் கட்டையின் எண் 3062. பழைய வார்ப்பில் அதன் குமிழ் முழுத்திண்மமாக இருந்தது. பிந்திய வார்ப்பில் குமிழின் நடுவே குழி வந்தது. குழியுள்ள குமிழுக்குள் மெல்லிய தடியைச் செருகலாம். திண்மக் குமிழுக்குள் முடியாது. இதனால் நூலகம் இவற்றை 3062ஏ, 3062பி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பழைய பெட்டியொன்றின் கட்டும் முறையைப் பதிவுசெய்பவர் சரியான வார்ப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பதிவு வரலாற்றுக்கு உண்மையாக இருக்கும்.

நிறத்திலும் இதே கவனம் தேவை. நூலகத்தின் நிறங்கள் தனிக் கோப்பு ஒன்றில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. 2004 ஐ ஒட்டி லெகோ தன் சாம்பல் நிறங்களைச் சற்று நீலம் கலந்தவையாக மாற்றியது. பழைய சாம்பலுக்கும் புதிய சாம்பலுக்கும் நூலகத்தில் தனித்தனி எண்கள் உண்டு. பிளாஸ்டிக்கின் நிறம் திரைக்குத் திரை வேறாகத் தெரியும் என்பதால், நிறத்தில் முழுத்துல்லியம் எதிர்பார்க்க முடியாது. எந்த நிறம் என்பதில் ஐயம் வராமல் பார்த்துக்கொள்வதே அங்கே சாத்தியமான துல்லியம்.

வளையும் பாகங்கள்தான் மிகக் கடினம். றப்பர் ரயர், குழாய், நூல் ஆகியவை நிஜத்தில் இழுத்தால் நீளும், அழுத்தினால் நசுங்கும். கோப்பில் அவை ஒரே நிலையில் உறைந்திருக்கும். குழாய்களுக்காக, இரு முனைகளின் இடத்தைக் கொடுத்தால் இடையிலுள்ள வளைவைச் சிறு துண்டுகளாக நிரப்பித் தரும் துணை மென்பொருள்கள் இருக்கின்றன. பற்சில்லுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. லெகோ பற்சில்லில் பற்களின் எண்ணிக்கையே அதன் இயங்கு விட்டம் மில்லிமீற்றரில். எட்டுப் பல் சில்லும் இருபத்துநான்கு பல் சில்லும் 16 மி.மீ. தூரத்தில், அதாவது இரண்டு குமிழ்த் தூரத்தில், சரியாகக் கோத்துக்கொள்ளும். கோப்பு தூரத்தைச் சரியாகத் தந்தாலும், பல் பல்லின் மேல் ஏறாமல் இருக்கச் சில்லை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைக் கட்டுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வேலைக்கு எந்தத் துல்லியம்

கட்டும் முறையை விளக்கும் கையேட்டுக்கு எல்டிரோவின் பெயரளவு எண்கள் முழுமையாகப் போதும். பாகங்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதே அங்கு கேள்வி. நிழலும் ஒளியும் கொண்ட நிஜப்படம் போன்ற ஓவியத்துக்கு மூட்டு இடைவெளியும் மழுங்கிய விளிம்பும் கூடுதலாக வேண்டும். அவற்றைத் தீட்டும் மென்பொருள் சேர்க்கும்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பாகத்தை நிஜமாகவே செய்ய விரும்புபவர் மட்டும் இந்தக் கோப்புகளை அப்படியே பயன்படுத்தக்கூடாது. பக்க இடைவெளி இல்லை, குழாயின் விட்டம் போதாது, பரப்புகள் எல்லா இடத்திலும் மூடிய திண்மமாக இருப்பதில்லை. பரவலாகப் பயன்படும் அச்சு இயந்திரங்களின் மூக்குத்துவாரமே 0.4 மி.மீ., அதாவது முழு ஓர் எல்டிரோ அலகு. கட்டையின் பிடியோ 0.1 மி.மீ. ஐச் சுற்றியே தீர்மானமாகிறது. ஆகவே நிஜப் பாகத்தை அளந்து, பிடிக்கும் இடங்களைப் புதிதாக வரைந்து, அச்சிட்டுப் பார்த்துத் திருத்துவதே வழி.

லெகோ நிறுவனம் 2004 இல் தன் சொந்த வடிவமைப்பு மென்பொருளை வெளியிட்டது. பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதாகக் கணக்கு வந்தால் அது பொருத்த மறுத்துவிடும். 2019 இல் பிரிக்லிங்க் என்ற பாகச் சந்தையை லெகோ வாங்கியது. அந்தச் சந்தையின் ஸ்டூடியோ என்ற மென்பொருள், பழைய வடிவமைப்பு மென்பொருளின் இடத்தை 2022 இல் பிடித்தது. ஸ்டூடியோவும் தன் பாகங்களுக்கு எல்டிரோ நூலகத்தைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆர்வலர்கள் இடுக்கியால் அளந்து எழுதிய எண்கள் நிறுவனத்தின் சொந்த மென்பொருளுக்கே அடித்தளமாயின.

லெகோ பெட்டிகளின் விலை நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டாதது. எல்டிரோ நூலகமோ கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் எவருக்கும் இலவசம். ஒரு தடவை தரவிறக்கிவிட்டால் இணைய இணைப்பும் வேண்டியதில்லை. பழைய கணினியிலும் திறக்கும். ஆள்கூறு, தாயம், திரிகோண கணிதம், அளவீட்டு வழு ஆகிய பாடங்களை ஒரே கோப்பில் வைத்துக் காட்ட இதைவிட எளிய சாதனம் கிடைப்பது அரிது. கணிதமும் தகவல் தொழினுட்பமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கட்டையின் கோப்பைத் திறந்து, அதிலுள்ள எண் எது சரியாக இருக்கிறது, எது தெரிந்தே மாற்றப்பட்டிருக்கிறது, ஏன் என்று மாணவர்கள் கண்டுபிடித்துச் சொல்லட்டும்.